வரம்பில் விழுந்த இரண்டு அடி

மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஊர், குளம், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 3 ஏக்கர் வயல். சிறுபோகம், குளத்தில் தண்ணீர் குறைவு, வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானை முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார். அன்று விடியப்புறம் இவர்களுடைய முறை. கணவர் 13 வயது மகனையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனால், மேல்வயல்காரர் வாய்க்காலைத் தன் பக்கம் திருப்பிவிட்டு, இவர்களுடைய வக்கடையை, அதாவது வரம்பில் தண்ணீர் பாயும் வாயை, சேறும் வைக்கோலும் வைத்து அடைத்திருக்கிறார். அவர் அந்நியரும் அல்ல, மச்சான் முறை. வாய்த்தர்க்கம் முற்றியது. மேல்வயல்காரரின் 22 வயது மகன் இவருடைய நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, கன்னத்தில் அறைந்தான். உதடு வெடித்தது. சேற்றில் விழுந்தவர் எழும்பும்போது, தகப்பன் வேலிக் கம்பொன்றை ஓங்கிக்கொண்டு வந்தார். இவர் மண்வெட்டியைத் திருப்பி, தகட்டடியில் பிடித்துக்கொண்டு, பிடியால் அடித்தார். கம்பு பிடித்த கை முறிந்து கம்பு கீழே விழுந்தது. மச்சான் கையைப் பொத்திக்கொண்டு வரம்பால் கிறுகித் திரும்பினார். அப்போது பின்பக்கம் இன்னொரு அடி. தோள்பட்டையில் தோல் பிளந்து நான்கு தையல்.

அதோடு முடியவில்லை. கணவர் தம்பிக்குப் போன் எடுத்து, "என்னை அடிச்சுப்போட்டானுகள், வாடா" என்றிருக்கிறார். முக்கால் மணித்தியாலம் கழித்துத் தம்பியும் கூட்டாளிகள் மூன்று பேரும் மேல்வயல்காரரின் வீட்டுக்குப் போய்ப் படலையைப் பிடுங்கி எறிந்து, மோட்டார் சைக்கிளின் முன்விளக்கை உடைத்திருக்கிறார்கள். இப்போது இரண்டு பக்கமும் பொலிசில் முறைப்பாடு. கணவர் தன் வாக்குமூலத்தில், தான் அடிக்கவே இல்லை, மச்சான் வரம்பில் சறுக்கி விழுந்துதான் கை முறிந்தது என்று சொல்லியிருக்கிறார்.

சகோதரியின் கேள்விகளை அவருடைய வாயாலேயே கேட்போம்: "அவங்கதானே முதல்ல கை வெச்சது. எங்கட வயலுக்குள்ளதானே நடந்தது. அப்ப சட்டம் எங்கட பக்கம்தானே சேர்? ரெண்டாவது அடி ஒள்ளுப்பம்தான் பட்டது, அதப் பெரிசா எடுப்பாங்களா? மாமா ஒராள் சொல்றார், இவர நெஞ்சுநோ எண்டு ஆஸ்பத்திரியில படுக்கப் போட்டா கேசுக்குக் கேஸ் சரியாயிடும் எண்டு. செய்யலாமா?"

தங்கச்சி, அந்த இரண்டாவது அடியை நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. எனக்கு வரும் கடிதங்களில் எதிர்ப்பக்கத்தார் பெரும்பாலும் தாங்களாகவே விழுந்து, தாங்களாகவே தையல் போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் நடந்ததை நடந்தபடி எழுதியதால்தான் உங்களுக்கு உபயோகமாக எதையாவது சொல்ல முடிகிறது. சில இடங்களில் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர் முதல்ல கை வெச்சது?

ஊருக்குள் நாலு பெரியவர்கள் கூடிப் பேசினால் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் இதுதான். நீதிமன்றத்தில் இது பல கேள்விகளில் ஒன்று, அவ்வளவுதான். நம்முடைய இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதில் 89ஆம் பிரிவு முதல் 99ஆம் பிரிவு வரை தற்காப்புரிமையைப் பற்றியவை. 89 ஒரே வரிதான்: தற்காப்புரிமையைப் பாவித்துச் செய்யும் எதுவும் குற்றமாகாது. தண்டனை குறையும் என்று அது சொல்லவில்லை, குற்றமே இல்லை என்கிறது. உங்கள் கணவருக்கு இதைவிட அகலமான கதவு அந்தச் சட்டக்கோவையில் கிடையாது.

ஆனால் 92ஆம் பிரிவில் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. அரச அதிகாரிகளின் பாதுகாப்பைத் தேடிப் போக நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. நேரம் இல்லாவிட்டாலும், காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை. 95ஆம் பிரிவு உரிமையின் ஆயுளைச் சொல்கிறது. உடம்புக்கு ஆபத்து வரப்போகிறது என்ற நியாயமான பயம் எழும்போதே உரிமை பிறந்துவிடும். முதல் அடி தன்மேல் விழும்வரை ஒருவர் காத்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. அந்தப் பயம் இருக்கும்வரை உரிமையும் இருக்கும். பயம் தீர்ந்த கணத்தில் உரிமையும் தீர்ந்துவிடும்.

ஆகவே சட்டம் உங்கள் சண்டையை ஒரே சண்டையாகப் பார்க்காது. கயிற்றை முடிச்சு முடிச்சாக அவிழ்ப்பது போல, இந்தக் கணத்தில் யாருக்கு என்ன பயம், அந்தப் பயத்துக்கு இவ்வளவு தேவைதானா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அந்தப் பையன் முதலில் அறைந்தது உண்மையானால், அறைந்ததற்கு அவன் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அது உங்களுக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு ஆகாது.

இன்னொரு தப்பெண்ணமும் இருக்கிறது, இது உங்களுக்குச் சாதகமானது. கைக்குக் கை, கம்புக்குக் கம்பு என்று சரிசமமாக இருந்தால்தான் தற்காப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1971இல் யமேக்கா நாட்டு வழக்கொன்றில் மேன்முறையீட்டைக் கேட்ட பிரித்தானியப் பிரிவி கவுன்சில் இதைப் பற்றிப் பேசியது. தாக்கப்படுகிறவனால் தன் பதிலடியின் அளவை நூல் பிடித்து நிறுக்க முடியாது என்பதை நீதிமன்றம் மனதில் வைக்க வேண்டும் என்றது. நம்முடைய நீதிமன்றங்களிலும் பொன் நிறுக்கும் தராசில் இதை நிறுக்கக் கூடாது என்று சட்டத்தரணிகள் வாதிடுவது வழக்கம். கையில் எது இருந்ததோ அதை எடுத்ததற்காக மட்டும் யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. தண்ணீர் கட்டப் போனவன் கையில் மண்வெட்டி இல்லாமல் வேறென்ன இருக்கும்?

"எங்கட வயலுக்குள்ளதானே" என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொத்தைக் காக்கவும் சட்டம் ஓரளவு உரிமை தருகிறது. விவசாயத்துக்கான நீரை வேண்டுமென்றே திருப்பிக் குறைப்பது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம்தான். உங்கள் கணவர் குனிந்து வக்கடையில் அடைத்திருந்த சேற்றையும் வைக்கோலையும் பிடுங்கி எறிந்திருந்தால், ஒருவரும் அதைக் குற்றம் என்று சொல்லியிருக்க முடியாது. ஆனால் வக்கடையைத் திறக்க மச்சானின் கையை முறிக்கத் தேவையில்லை. அதனால் வயலையும் தண்ணீரையும் வைத்து அந்த அடியை நியாயப்படுத்த வேண்டாம். அடியை நியாயப்படுத்தக் கூடிய ஒரே விஷயம் ஓங்கிய கம்பு.

இரண்டு அடியும் ஒன்றல்ல

இந்த வழக்கின் உயிர் இங்கேதான். நீங்கள் முதல் அடியைப் பெரிதாகவும் இரண்டாவதைச் சின்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காயத்தைப் பார்த்தால் சரிதான். எலும்பு முறிந்தால் 311ஆம் பிரிவின்படி அது கடுங்காயம். சாதாரணமாகக் கடுங்காயம் விளைவித்தால் 7 வருடம் வரை, உயிர்போகக் கூடிய ஆயுதத்தால் அல்லது வெட்டும் கருவியால் செய்தால் 10 வருடம் வரை சிறை விதிக்கலாம். நான்கு தையல் போட்ட தோள்பட்டைக் காயம் பெரும்பாலும் சாதாரண காயம் என்றே போகும். அதற்கு 1 வருடம் வரை, அப்படிப்பட்ட ஆயுதத்தால் என்றால் 3 வருடம் வரை.

ஆனால் குற்றத்தைப் பார்த்தால் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது. முதல் அடி விழும்போது உங்கள் கணவர் நிலை என்ன? சேற்றில் முழங்கால் புதைந்து எழும்புகிறார். உதட்டில் இரத்தம். ஒரு பக்கம் அறைந்த பையன், மறுபக்கம் ஓங்கிய கம்போடு தகப்பன். பக்கத்தில் சின்ன மகன். ஓடிப்போயிருக்கலாமே என்று எதிர்ப்பக்கம் கேட்கும். ஓடவில்லை என்பதற்காக மட்டும் உரிமை போய்விடாது, அதுவும் சேற்றில். அடி விழுந்ததும் கம்பு பிடித்த கையில்தான், தலையில் அல்ல. இதெல்லாம் நிரூபிக்கப்பட்டால், எலும்பை முறித்த அந்தப் பெரிய அடி குற்றமே இல்லாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இரண்டாவது அடி விழும்போது கம்பு சேற்றில் கிடக்கிறது. மச்சான் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார். பையன் தகப்பனைத் தாங்கப் போயிருப்பான், திரும்ப அடிக்க வந்தான் என்று நீங்களும் எழுதவில்லை. பயம் எங்கே? இல்லை. ஆகவே உரிமையும் இல்லை. அந்த அடி ஒள்ளுப்பம்தான் பட்டதா, பலமாகப் பட்டதா என்பது தண்டனையின் அளவுக்கு உதவலாம், குற்றமா இல்லையா என்பதற்கு உதவாது. முறிந்த கைக்கு விடுதலையும் நான்கு தையலுக்குத் தண்டனையும் என்று ஒரு தீர்ப்பு வந்தால் ஊரில் சிரிப்பார்கள், ஆனால் சட்டத்தின் கணக்கு அப்படித்தான் ஓடும்.

முதல் அடியிலும் ஒரு முள் இருக்கிறது. முன்கை எலும்பு முறிந்திருக்கிறது என்கிறீர்கள். சட்ட வைத்திய அதிகாரிக்கு முன்கை முறிவு என்றால் இரண்டு படம் மனதில் வரும். கம்பை ஓங்கிய கையில் அடி விழுந்திருக்கலாம். அல்லது ஒன்றும் இல்லாத வெறுங்கையால் தலையை மறைத்தபோது விழுந்திருக்கலாம். எக்ஸ்ரே இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பப்போவது சாட்சிகள். வட்டையில் அந்த நேரம் வேறு யார் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார்கள், கம்பை யார் பார்த்தது, அது எந்த வேலியில் பிடுங்கிய கம்பு, இப்போது எங்கே கிடக்கிறது என்பவை முக்கியம். வட்டவிதானை கொடுத்த முறைப்படி அன்று உங்கள் நாள்தான் என்பதற்கான எழுத்தும் உதவும். அது அடியை நியாயப்படுத்தாது, ஆனால் சண்டை தேடிப் போனவர் யார் என்பதைக் காட்டும்.

நிரூபிக்க வேண்டிய பாரம் யாருடையது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணவர்தான் அடித்தார் என்பதை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிப்பது அரச தரப்பு. தற்காப்புக்காகத்தான் அடித்தார் என்பதைக் காட்ட வேண்டியது நீங்கள். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது, 1942இல் தீர்க்கப்பட்ட ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கும் அதை உறுதிசெய்தது. ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டால் போதாது. சந்தேகத்துக்கு அப்பால் என்ற அளவுக்கும் போகத் தேவையில்லை, அப்படித்தான் நடந்திருக்கக் கூடும் என்ற பக்கம் தராசு சாய வேண்டும்.

மகன் பார்த்துக்கொண்டு நிற்க அறைந்தான், அந்த ஆத்திரத்தில்தான் இரண்டாவது அடி என்று எழுதியிருக்கிறீர்கள். மனிதனாக எனக்கு விளங்குகிறது. கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலில் காயம் விளைவித்தால் தண்டனையைக் குறைக்கும் பிரிவுகளும் இருக்கின்றன. ஆனால் அவை ஆத்திரமூட்டியவர் மேல் விழும் அடிக்கு. அறைந்தது மகன், முதுகில் அடி வாங்கியது தகப்பன். தகப்பன் கம்பை ஓங்கியதையே ஆத்திரமூட்டலாகச் சொல்லி வாதாடலாம்தான், ஆனால் அறையின் கணக்கைத் தகப்பனின் முதுகில் தீர்த்ததாக எதிர்ப்பக்கம் சொல்லும்.

தம்பி போன வழி

இதில் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. முக்கால் மணித்தியாலம் கழித்து, இன்னொருவர் வளவுக்குள், ஆள் சேர்த்துக்கொண்டு போனதில் தற்காப்பு என்ற சொல்லுக்கே இடமில்லை. வீட்டத்துமீறல், சொத்துச் சேதம் என்று அது தனி வழக்காகப் போகும். நான்கு பேர்தான் போனார்கள் என்கிறீர்கள். எதிர்ப்பக்க முறைப்பாட்டில் ஆறு பேர் என்று இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது சும்மா கூட்டிச் சொன்ன எண்ணிக்கை என்று நினைக்க வேண்டாம். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால்தான் சட்டவிரோதக் கூட்டம் என்ற குற்றம் வரும். முறைப்பாடு எழுதிக் கொடுத்தவருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது. போனவர்கள் யார் யார் என்பதைத் தம்பி தன் சட்டத்தரணியிடம் சரியாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் கணவருக்கு இதில் பொறுப்பு வருமா என்பது அந்தப் போன் அழைப்பில் தங்கியிருக்கிறது. "வாடா" என்ற சொல்லுக்கு வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றும் அர்த்தம் வரும், வந்து இவனுகளுக்குக் குடு என்றும் அர்த்தம் வரும். தம்பி நேரே அண்ணனிடம் வராமல் மச்சான் வீட்டுக்குப் போனது இரண்டாவது அர்த்தத்துக்குப் பலம் சேர்க்கிறது. தம்பி வரும்வரை கணவர் எங்கே இருந்தார், அதற்குப் பிறகு மறுகா ஏதும் பேசினாரா, உதட்டுக்கு மருந்து கட்ட எத்தனை மணிக்குப் போனார், ஆஸ்பத்திரித் துண்டு இருக்கிறதா? இவற்றைத் தேடி எடுத்து வையுங்கள். 32ஆம் பிரிவின்படி பொதுவான எண்ணம் இருந்தால் ஒருவர் செய்ததற்கு எல்லோரும் பொறுப்பு. அந்த எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்றால் தம்பி செய்தது தம்பியோடு நிற்கும். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சட்டத்தரணி வைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். செலவுதான், ஆனால் ஒருவரைக் காப்பாற்றச் சொல்ல வேண்டியது மற்றவரைக் குத்தும் இடம் இந்த வழக்கில் இருக்கிறது.

வாக்குமூலம்

எனக்கு உண்மையில் கவலை தந்தது இதுதான். அடிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு தற்காப்புக்காக அடித்தேன் என்று சொல்வது, கடனே வாங்கவில்லை, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்வது மாதிரி. கணவர் நாளைக்குச் சாட்சிக் கூண்டில் ஏறினால் அந்த வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு முரண்பாடு காட்டுவார்கள். உள்ளே இருக்கும் நல்ல நியாயம் ஒரு பொய்யால் கெட்டுப்போகும். பயத்தில் சொன்னார், தெரியும். களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்திலும் மட்டக்களப்பு நீதிமன்றத்திலும் நான் பார்த்த அடிபிடி வழக்குகளில் பாதிக்கு மேல் அடியால் தோற்கவில்லை, அடிக்கு அடுத்த நாள் சொன்ன கதையால் தோற்றன.

கதவு முழுக்க அடைபடவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லாவிட்டாலும், அரச தரப்புச் சாட்சியத்திலேயே தற்காப்பு தெரிந்தால் நீதிமன்றம் அதைக் கவனிக்கலாம். மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாமா, அல்லது வாயை மூடிக்கொண்டு நீதிமன்றத்தில் பேசலாமா என்பதை ஒரு சட்டத்தரணி வழக்குக் கோவையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கணவர் தானாகப் பொலிசுக்கு ஓடிப்போய்க் கதையை மாற்ற வேண்டாம். இனி எந்த வாக்குமூலம் கொடுத்தாலும் தமிழில் எழுதச் சொல்லுங்கள், வாசித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பம் வையுங்கள்.

மகனையும் பொலிஸ் விசாரிக்கலாம். பிள்ளைக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்காதீர்கள். "அப்பா ஒருக்காத்தான் அடிச்ச எண்டு சொல்லு மனே" என்று சித்தப்பா சொல்லிக் கொடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். 13 வயதுப் பிள்ளை குறுக்கு விசாரணையில் இரண்டு நிமிடம் தாங்காது. அதற்கும் மேலாக, தகப்பனைக் காப்பாற்ற முடியாமல் போன பாரத்தை அந்தப் பிள்ளை எத்தனை வருடம் சுமக்கும் என்று யோசியுங்கள்.

மாமாவின் ஆஸ்பத்திரி யோசனை

வேண்டாம். நம்முடைய பக்கத்தில் இது ஒரு பழைய வியாதி: அடிபிடி என்றால் இரு பக்கமும் வார்டில் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் நிற்காது என்ற நினைப்பு. கேசுக்குக் கேஸ் என்பது நீதிமன்றத்தில் கூட்டிக் கழித்துப் பூச்சியமாகும் கணக்கு அல்ல. அவர்கள் செய்ததற்கு அவர்களும் நீங்கள் செய்ததற்கு நீங்களும் தனித்தனியாகப் பதில் சொல்வீர்கள். ஒன்பது நாள் கழித்து வரும் நெஞ்சுநோவை எந்த சட்ட வைத்திய அதிகாரியும் அந்தச் சண்டையோடு முடிச்சுப் போட மாட்டார். அன்றைக்கே வெடித்த உதடு உண்மை. அதற்கு மருந்து கட்டிய துண்டு ஒரு வார்டு நாடகத்தைவிட நூறு மடங்கு பெறுமதி.

பேசி முடிக்கலாமா?

முடிக்கலாம், முடிக்க வேண்டும் என்றும் சொல்வேன். ஆனால் எதை எங்கே பேசலாம் என்று தெரிந்து பேச வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் இணக்க சபைக்குச் சாதாரண காயம், சிறிய சேதம் போன்ற பிணக்குகள் போகும். அங்கே சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். தம்பியின் படலையும் முன்விளக்கும் அங்கே தீரக் கூடிய விஷயம். கையை முறித்த வழக்கு அப்படியே சுருட்டி வைக்கக் கூடியது அல்ல. இரு பக்கமும் கோவிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினாலும் அது நீதிமன்றத்தைக் கேட்காமல் முடியாது. ஆனால் வைத்தியச் செலவையும் வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியையும் கொடுத்து, மனம் ஒத்துத் தீர்த்திருக்கிறார்கள் என்பது நீதவான் முன் வரும்போது அதற்குப் பெரிய மதிப்பு இருக்கும், தண்டனையை ஒத்திவைப்பது உட்பட.

பேசப் போவது யார் என்பதில் கவனம். 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தில் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு. ஆனால் சாட்சிகளில் கைவைப்பார் என்று தோன்றினால் அந்த விலக்கு வந்துவிடும். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். தம்பி "மன்னிப்புக் கேட்கப் போகிறேன்" என்று இரவு பத்து மணிக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் போனால் அதை மிரட்டல் என்று எழுத ஐந்து நிமிடம் போதாதா? உங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவான ஒரு மூத்த அம்மா இருந்தால் அவர் போகட்டும். பகலில் போகட்டும். முதலில் பணத்தைப் பற்றிப் பேசாமல் முறிந்த கையைப் பற்றிக் கேட்கட்டும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறது. வருமானத்தைக் காட்டினால் உதவுவார்கள். தண்ணீர்ப் பிரச்சினையைத் தனியாக, கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இப்படியான வயல் பிணக்குகளைக் கையாளத்தான் இருக்கிறது. அடுத்த முறைத் தண்ணீருக்குக் கணவர் போக வேண்டாம், கூலிக்கு ஒராளை அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. கடிதத்தின் ஓரத்தில், கதையோடு கதையாக, "மண்வெட்டிப் பிடி வெடிச்சுப் போச்சு, புதுப் பிடி போட்டாச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் மூன்று தடவை வாசித்தேன். முதல் அடி பிடியால் என்று தெளிவாக எழுதிய நீங்கள், இரண்டாவது அடி பிடியாலா தகட்டாலா என்று எங்கேயும் எழுதவில்லை. தோல் பிளந்த காயத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வியை நிச்சயம் கேட்பார்கள். மரப்பிடிக்கும் இரும்புத் தகட்டுக்கும் இடையில் தண்டனையில் வருடக்கணக்கு வித்தியாசம் இருக்கிறது. முதல் அடியிலேயே பிடி வெடித்திருந்தால், அந்த வெடிப்பும் ஒரு சாட்சிதான், உங்களுக்குச் சார்பாகவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் அதை இல்லாமல் பண்ணினால் சாட்சியத்தை அழித்ததாக இன்னொரு குற்றம் ஏறும். பழைய பிடி இப்போது எங்கே? அடுப்படியில் விறகோடு விறகாகக் கிடந்தால், இன்றைக்குச் சோறு ஆக்குவதற்கு முன் அதை எடுத்து, கழுவாமல், ஒரு உரப்பையில் சுற்றி வையுங்கள். சட்டத்தரணியிடம் போகும்போது முதலில் சொல்ல வேண்டியது அதைப் பற்றித்தான்.